வியாசர்பாடி பெஞ்சில் உட்கார்ந்து கோச்சைத் திட்டுவதற்கு முன்: கால்பந்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை மாற்றலாகிக் குளித்தலைப் பக்கத்திலிருந்து வடசென்னை வியாசர்பாடிக்குக் குடிவந்த முதல் மாதம். ஒரு சனிக்கிழமை இரவு டீக்கடை வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளே டி.வி.யில் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த தைரியத்தில் நானும் வாயைத் திறந்தேன். "இந்தக் கோச்சுக்கு அறிவே இல்லை. போன வாரம் கோல் போட்டவனை உட்கார வைத்துவிட்டார்."

பெஞ்சு அமைதியானது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, அவன் போன வாரம் ஐந்தாவது மஞ்சள் அட்டையும் வாங்கினான். இன்றைக்கு அவன் ஆடவே கூடாது. கோச் என்ன செய்வார்?"

அதன் பிறகு எட்டு மாதம் அந்தக் கடையில் என் பெயர் மஞ்சள் அட்டை (தவறு செய்த ஆட்டக்காரருக்கு நடுவர் காட்டும் எச்சரிக்கை). டீ கொடுக்கும் பையன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். பிற ஊர்களிலிருந்து வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், கொருக்குப்பேட்டை பக்கம் குடிவருகிறவர்களுக்கு அந்த எட்டு மாதத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே கால்பந்து ஓரத்து விளையாட்டு அல்ல. உங்கள் பக்கத்தில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பவர் இருபது வருடம் ஸ்டாப்பராக (நடுத் தடுப்பாட்டக்காரராக) ஆடியவராக இருக்கலாம். அதை மறக்காமல் படியுங்கள்.

1. யாரைத் திட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தில் 'மேனேஜர்' என்றால் அணியைத் தேர்வு செய்பவர், ஆட்டத் திட்டம் வகுப்பவர், தோற்றால் வேலையை இழப்பவர். நம் ஊர் அணிகளில் மேனேஜர் என்றால் பெரும்பாலும் அடையாள அட்டைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு வருகிறவர். பதினொரு பேரை முடிவு செய்பவர் கோச். பெஞ்சில் இரண்டு சொல்லும் கலந்தே புழங்கும். நான் ஒருமுறை உள்ளூர் அணி ஒன்றின் மேனேஜரைக் குறை சொல்லி ஐந்து நிமிடம் பேசினேன். அவர் பாவம், ஜெர்சி துவைத்துக் கொண்டுவரும் மனிதர். என் பின்னால்தான் நின்றிருந்தார். பொதுவாகக் 'கோச்' என்றே சொல்லுங்கள். எங்கும் பிழை வராது.

2. நேரக் கணக்கு

கிரிக்கெட் ரசிகர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அந்த மாதங்களில் நாம் அவர்களைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம். சனிக்கிழமை அங்கே மதியம் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் செப்டம்பரில் நமக்கு இரவு 7.30, டிசம்பரில் 8.30. அங்கே 12.30 என்றால் இங்கே 5 அல்லது 6 மணி. அங்கே மாலை 5.30 என்றால் இங்கே இரவு 10 அல்லது 11.

ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இன்னும் மோசம். ஐரோப்பாவில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. ஆகவே 'செவ்வாய்க்கிழமை ஆட்டம்' என்பது இங்கே புதன்கிழமை அதிகாலை. நான் புதன்கிழமை இரவு முழுக்க விழித்திருந்து, முந்தைய நாளே முடிந்துபோன ஆட்டத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். செல்பேசியில் நினைவூட்டல் வைக்கும்போது இந்திய நேரத்தையும் இந்தியத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

பெஞ்சுக்கு எப்போது போக வேண்டும்? ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு அல்ல. பிரீமியர் லீக்கில் முதல் பதினொருவர் பட்டியல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே வெளிவந்துவிடும். உண்மையான வாதம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது. விசில் ஊதிய பிறகு வருகிறவனுக்கு உட்கார இடமும் கிடைக்காது, பேச முறையும் வராது.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஆதார் நகல் எல்லாம் வேண்டாம். ஆனால் இங்கேயும் ஆவணம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலாவது, அன்றைய பட்டியல். முதல் 11 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் 9 பேர், ஆக 20 பெயர்கள். இதில் இல்லாத ஒருவனை 'இறக்கு' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நீங்கள் பேசியது அவ்வளவுதான்.

இரண்டாவது, யார் யார் தடையில், யார் யார் காயத்தில் என்பது. என்னைக் கவிழ்த்த விதியைச் சொல்லிவிடுகிறேன்: பிரீமியர் லீக்கில் முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை வாங்கினால் ஓர் ஆட்டம் தடை, 32 ஆட்டங்களுக்குள் பத்து வாங்கினால் இரண்டு ஆட்டம் தடை. நவம்பர், டிசம்பரில் ஒருவன் திடீரென்று காணாமல் போனால், கோச்சோடு சண்டை என்று கதை கட்டுவதற்கு முன் மஞ்சள் அட்டையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, பதிவுப் பட்டியல். ஒவ்வொரு கிளப்பும் 25 பேர் வரை பதிவு செய்யலாம். அதில் இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்புகளில் வளர்ந்தவர்கள் என்ற கணக்கில் சேராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆள் மாற்றும் காலம் முடிந்த பிறகு பட்டியலில் பெயர் இல்லாத மூத்த ஆட்டக்காரன், ஜனவரி வரை எவ்வளவு நன்றாகப் பயிற்சி செய்தாலும் லீக்கில் ஆட முடியாது. அதேபோல் வேறு கிளப்புக்கு இரவலாகப் போனவன், தன் சொந்தக் கிளப்புக்கு எதிராக லீக் ஆட்டத்தில் இறங்க முடியாது. இந்த இரவல் விதி தெரியாமல் பேசி மாட்டிக்கொள்கிறவர்களை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். இப்போது நானும் சிரிக்கிற பக்கத்தில் இருக்கிறேன், அது ஒரு சுகம்தான்.

நான்காவது, மாற்று ஆட்டக்காரர் கணக்கு. ஐந்து பேரை மாற்றலாம். ஆனால் ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூன்று வாய்ப்புகள்தான். இடைவேளையில் மாற்றுவது இந்த மூன்றில் சேராது. எழுபதாவது நிமிடத்துக்குள் ஒவ்வொருவராக மூன்று முறை மாற்றிவிட்ட கோச்சுக்கு இன்னும் இரண்டு பேர் மிச்சம் இருந்தாலும் இறக்க வழியில்லை. 'ஏன் இன்னும் மாற்றவில்லை?' என்று கத்துவதற்கு முன் எத்தனை முறை மாற்றினார் என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாது. நான் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஓர் ஆட்டம் என்று எழுதி வைக்கிறேன். வாரத்துக்கு இருபது நிமிடம் ஆகும். முதலில் கிண்டல் செய்தார்கள். இப்போது சந்தேகம் வந்தால் நோட்டைத்தான் கேட்கிறார்கள்.

4. முதல் இருபது நிமிடம் வாயைத் திறக்காதீர்கள்

டி.வி.யில் காட்டும் 4-3-3, 3-4-3 என்ற படத்தை (தடுப்பில், நடுக்களத்தில், முன்னால் எத்தனை பேர் என்ற கணக்கு) நம்பிப் பேசத் தொடங்குவது புதியவர்களின் பொதுவான தவறு. அந்தப் படம் ஆட்டம் தொடங்கும் முன் எடுத்த கல்யாண போட்டோ மாதிரி. பந்து உருண்டதும் யாரும் அந்த இடத்தில் நிற்பதில்லை.

நான் கற்றுக்கொண்ட முறை இது. அணியின் கையில் பந்து இருக்கும்போது பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பந்து எதிரணியிடம் போனதும் மறுபடியும் எண்ணுங்கள். இரண்டு எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. நால்வர் தடுப்பு என்று எழுதியிருக்கும். பந்து கைக்கு வந்ததும் ஒரு பக்கத்துத் தடுப்பாட்டக்காரர் நடுக்களத்துக்கு ஏறிவிடுவார், பின்னால் மூன்று பேர்தான். முன்னால் ஐந்து பேர் கோடு கட்டி நிற்பார்கள். இப்போது கேள்வி: ஏறிப் போனவர் விட்ட இடத்தில் பந்து விழுந்தால் யார் ஓடி வருகிறார்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் அந்தக் கோச்சின் திட்டத்தில் பாதி பிடிபட்டுவிட்டது.

கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு. ஃபீல்டிங்கை நிதானமாகப் பார்க்கலாம். இங்கே அது கிடையாது. அதனால் பந்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒரே ஓர் ஆட்டக்காரரை மட்டும் பாருங்கள். நடுக்களத்தில் தடுப்புக்கு முன்னால் நிற்பவரிலிருந்து தொடங்குங்கள். கோல் போடுகிறவரைவிட அவரைப் பற்றித்தான் இந்தப் பெஞ்சில் அதிகம் சண்டை நடக்கிறது.

உதாரணம் வேண்டுமானால் 2021 மே 29, போர்த்தோ நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் சிட்டியின் கோச் குவார்தியோலா அன்றைக்கு ரோத்ரி, பெர்னாந்தினோ இருவரில் ஒருவரைக்கூட முதல் பதினொருவரில் சேர்க்கவில்லை. தடுப்புக்கு முன்னால் நிற்பதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவரும் இல்லாமல் குண்டோகனை அங்கே நிறுத்தினார். 42-வது நிமிடத்தில் நடுக்களத்தைத் தாண்டி வந்த ஒரே பாஸில் எதிரணியான செல்சியின் ஹாவர்ட்ஸ் கோல் போட்டார், செல்சி 1-0 என்று வென்றது. இந்த ஆட்டத்தைப் பற்றி வியாசர்பாடியில் இன்றைக்கும் ஒருவர் பேச்செடுத்தால் டீ ஆறிவிடும்.

5. 'யாரை எடுப்பாய்?'

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பெஞ்சில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. 'அவனைச் சேர்த்திருக்க வேண்டும்' என்று யார் சொன்னாலும் உடனே எதிர்க் கேள்வி வரும்: "சரி, யாரை எடுப்பாய்?" வெளியே போகிறவன் பெயரைச் சொல்லாமல் உள்ளே வருகிறவன் பெயரைச் சொல்ல இங்கே அனுமதி இல்லை. பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. எடுத்தவன் செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வார்கள் என்றும் சொல்ல வேண்டும். கார்னர் (மூலை உதை) வரும்போது உயரமானவன் ஒருவனை வெளியே எடுத்துவிட்டீர்களே, எதிரணியின் ஆறடிக்காரனை யார் பிடிப்பது? இடதுகால்காரனை எடுத்துவிட்டீர்களே, அந்தப் பக்கத்திலிருந்து பந்தை யார் உள்ளே போடுவது?

கிரிக்கெட் ரசிகருக்கு இது புதிதல்ல. 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் அஸ்வினை உட்கார வைத்தபோது சென்னை முழுக்கக் கொதித்தது. அப்போது எத்தனை பேர் 'அஸ்வின் வேண்டும்' என்றோம், அதில் எத்தனை பேர் நான்கு வேகப்பந்து வீச்சாளர்களில் யாரை எடுப்பது என்றும் ஜடேஜாவோடு சேர்த்து இரண்டு சுழல் அந்த ஆடுகளத்தில் போதுமா என்றும் சொன்னோம்? நான் சொல்லவில்லை. (இன்றைக்கும் என் கட்சி அஸ்வின்தான். உமேஷை எடுத்திருப்பேன். பதிவுக்காகச் சொல்கிறேன்.)

இதற்குப் பயிற்சி வேண்டுமானால் பிரீமியர் லீக்கின் இலவச ஃபேன்டஸி விளையாட்டில் ஓர் அணி அமைத்துப் பாருங்கள். 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 பேர். ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. ஒருவனை வாங்க வேண்டுமானால் ஒருவனை விற்றே ஆக வேண்டும். இரண்டு மாதத்தில் நாக்கு அடங்கிவிடும். ஒரு பொறி: அந்த வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே கதவு மூடிவிடும், அப்போது யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் வந்திருக்காது.

6. முடிவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

2022 உலகக் கோப்பையில் போர்ச்சுகல் கோச் சான்டோஸ், டிசம்பர் 6-ம் தேதி சுவிட்சர்லாந்துக்கு எதிராக ரொனால்டோவை உட்கார வைத்தார். அவர் இடத்தில் இறங்கிய கொன்சாலோ ராமோஸ் மூன்று கோல் போட, 6-1 என்று வென்றார்கள். சான்டோஸ் தைரியசாலி என்றார்கள். நான்கு நாள் கழித்து மொராக்கோவுக்கு எதிராக மறுபடியும் ரொனால்டோ வெளியே, 0-1 தோல்வி. அதே சான்டோஸ் முட்டாள் ஆகிவிட்டார். இரண்டு நாளும் எடுத்த முடிவு ஒன்றேதான்.

அதே வாரம், டிசம்பர் 9 இரவு, பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றது. நெய்மரைக் கடைசியாக உதைக்க வைத்திருந்தார்கள். அவர் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. பிரேசிலின் மஞ்சள் சட்டைக்காரர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் கோச் டிட்டேவை அதற்காக மன்னித்தவர் எவரையும் நான் பார்க்கவில்லை. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு: கடைசி உதையில் நெய்மர் வென்று கொடுத்திருந்தால் இவர்களே அதை மதிநுட்பம் என்றிருப்பார்கள். ஆனால் முதல் ஆளாகப் போன ரோத்ரிகோ அப்போது 21 வயதுப் பையன் என்பதும் சரிதான். இதைப் பெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். அன்று டீ காசு நான்தான் கொடுத்தேன்.

நடைமுறை வழி ஒன்று சொல்கிறேன். பட்டியல் வந்ததும் உங்கள் கருத்தை நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே. ஆட்டம் முடிந்த பிறகு அந்த வரியை மட்டும் வைத்துப் பேசுங்கள். 'நான் அப்போதே சொன்னேன்' என்பவருக்கு இங்கே மதிப்பு கிடையாது; எழுதி வைத்தவருக்கு உண்டு.

7. செலவு

என் கணக்கு இது. கடைக்குக் கடை மாறும். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு டீ, ஒரு வடை அல்லது பிஸ்கட் என்று சுமார் 50 ரூபாய். ஒரு டீயை வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடம் உட்காராதீர்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், பெஞ்சு சொல்லும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால் மாதம் சுமார் 400 ரூபாயில் முடியும்.

வீட்டில் பார்ப்பதென்றால் பிரீமியர் லீக் ஒரு நிறுவனத்திடமும் சாம்பியன்ஸ் லீக் இன்னொரு நிறுவனத்திடமும் இருக்கும். ஒரே சந்தாவில் இரண்டும் வரும் என்று விற்கும் ஆளை நம்பாதீர்கள். நான் நம்பிப் பணம் கட்டி ஒரு பருவம் முழுக்க வெறும் சிறப்புக் காட்சிகளைப் பார்த்தேன். வருடச் சந்தா கட்டுவதாக இருந்தால் ஆகஸ்டில் கட்டுங்கள். மார்ச்சில் கட்டினால் இரண்டு மாதத்தில் பருவம் முடிந்துவிடும், ஜூன், ஜூலையில் லீக்கே இருக்காது.

பந்தயம் தோற்றால் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) வாங்கிக் கொடுப்பது வழக்கம். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருப்பதால் நல்ல அத்தோ கடைகள் உண்டு. முட்டை மசாலாவும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. பணம் வைத்துப் பந்தயம் மட்டும் வேண்டவே வேண்டாம். செல்பேசியில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. யாராவது ரகசியமாக ஒரு செயலியின் இணைப்பை அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

8. இரவு, சத்தம், மழை

பெரிய ஆட்டத்துக்குத் தெருவில் திரை கட்டும் ஆசை வரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். நள்ளிரவு 12.30 ஆட்டத்துக்கு வர்ணனையே இல்லாமல் பாருங்கள், பெஞ்சே வர்ணிக்கும். திரைக்கும் மின்சாரத்துக்கும் யார் வீட்டில் கேட்பது, எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு வாரம் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கலாம். திரும்பிப் போகும் கடைசி ரயில் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 11 மணி ஆட்டம் முடிய நள்ளிரவு ஒரு மணி ஆகும். நவம்பர், டிசம்பர் மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். தண்ணீர் நின்றால் அன்றைக்கு ஆட்டமும் போச்சு, சைலன்சரும் போச்சு.

9. கண்ணைப் பழக்க மைதானத்துக்குப் போங்கள்

டி.வி. கேமரா பந்தைத் தொடரும். ஆட்டத் திட்டம் பந்து இல்லாத இடத்தில் நடக்கும். இந்தக் குறையைத் தீர்க்க ஒரே வழி நேரில் பார்ப்பதுதான். அதற்குக் காசு செலவில்லாத வாய்ப்பு வடசென்னையில் இருக்கிறது. முல்லை நகர் மைதானத்தில் காலையில் போய்க் கோலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். பக்கவாட்டில் நிற்காதீர்கள், பின்னாலிருந்து பார்த்தால்தான் தடுப்புக் கோடு நேராக இருக்கிறதா, இரண்டு ஸ்டாப்பர்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். வடசென்னைக்காரரான நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12-ல் இந்தியாவின் பழைய கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்காக அதே ஊர் மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட ஒரே கோலை நினைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி இடதுகாலால் அடித்தார். அதே வெட்டை இங்கே புழுதியில் பத்து வயதுப் பையன்கள் ஒரு காலையில் முப்பது முறை செய்துபார்ப்பதைக் காணலாம்.

காலை 6 மணிக்குப் போவது நல்லது. எட்டரைக்கு மேல் வெயில் தாங்காது. செருப்பைக் கோட்டுக்கு உள்ளே விடாதீர்கள். கோச்சுக்கு யோசனை சொல்லாதீர்கள், அவர் கேட்டாலும். நான் மூன்றாவது வாரமே ஒரு கோச்சிடம், இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனை மாற்றலாமே என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "யாரை இறக்குவது?" என்றார். எனக்குப் பெயர் தெரியவில்லை. தண்ணீர் கேனை என் கையில் கொடுத்து அந்தக் கோடியில் வைக்கச் சொன்னார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேன் என் பொறுப்பு. பையன்கள் என்னை மேனேஜர் என்று கூப்பிடுகிறார்கள்.